ஆறாவது சுற்று

தம்பி,

பொங்கலன்று போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்று நான் குக்கரே வைக்கவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய், நான் பாதியில் அழுதுவிடுவேன். தாளில் எழுதினால் அழுது முடித்துவிட்டு மிச்சத்தை எழுதலாம். ஈஸ்டர் கழிந்ததும் கோவிலில் ஊரறிய உங்கள் கல்யாண ஓலையை வாசிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ரீனாவும் படிக்கட்டும். வேறு யார் கேட்டாலும் கொடு. இனிமேல் இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். ஓசூரில் உன் கம்பெனியில் லாரி ஸ்பிரிங்கை மெஷினில் வைத்து அது ஒடிகிற வரைக்கும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். பேச்சோடு பேச்சாக, "ஏம்மா, அப்பாவுக்குக் கை போனப்ப ரெஞ்சையும் அவரே புடிச்சிக்கினு நட்டையும் அவரே முடுக்குனாரா? அப்டி முடியாதே. யாரு புடிச்சிக்கினு இருந்தாங்க?" என்றாய். இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. கடைக்காரர் கேட்கவில்லை, உன் பெரியப்பா கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கோடு பழகுகிற உனக்குத்தான் அந்த இடம் இடறியது.

நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டதும் நான்தான்.

ரீனாவுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். பெரிய கடை ஷட்டர் என்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்கிவிட முடியாத எடை. அதைக் காலையில் ஒரு ஆள் ஒற்றைக் கையால் ஏற்றிவிட்டு உள்ளே போய் ஊதுபத்தி கொளுத்துகிறார் என்றால், மேலே பைப்பில் கோத்திருக்கிற ஸ்பிரிங்குகள்தான் காரணம். கடிகாரத்துக்குள் இருக்கிற சுருள் பட்டை மாதிரிதான், ஆனால் கையகலத்துக்கு இருக்கும். ஷட்டரை இறக்கும்போது அந்தப் பட்டை இறுகிச் சுற்றிக்கொள்ளும். இறங்குகிற இரும்பின் எடையும் இழுக்கிற ஆளின் பலமும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் ஏற்றும்போது அதையே திருப்பிக் கொடுக்கும். ஷட்டர் முழுக்க மேலே சுருண்டிருக்கும்போதும் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முக்கால்வாசியில் நின்றுவிடும். அந்த முறுக்கை ஏற்றுவதற்காக ஷட்டரைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிட்டு, பைப்பை ரெஞ்சால் ஒவ்வொரு சுற்றாகத் திருப்புவோம். திருப்பி முடித்ததும் ஒருவர் ரெஞ்சை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கிளாம்பின் நட்டை முடுக்க வேண்டும். நட்டு இறுகுகிற வரைக்கும் உள்ளே இருக்கிற அத்தனையையும் பிடித்து நிற்பது ரெஞ்சில் இருக்கிற கை மட்டும்தான்.

அன்று ஜங்ஷன் ரோட்டில் ஒரு பீங்கான் சாமான் கடையில் வேலை. ஜாடி, கப்பு, பொம்மை எல்லாம் வைக்கோல் போட்டு அடுக்கிய மரப்பெட்டிகள் வாசல் வரைக்கும் இருந்தன. அப்பாவோடு வழக்கமாக வேலைக்கு வருகிறவருக்குக் காய்ச்சல். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு மதியச் சாப்பாடு எடுத்துப் போனேன். உனக்கு அப்போது இரண்டரை வயது. அப்பா ஏணியில் நின்றுகொண்டு தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் டீக்கடை அக்காவிடம் உன்னை விட்டேன். அவர்கள் பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் ஒரு பொறை ரொட்டியைக் கொடுத்தார்கள். நான் ரோட்டைத் தாண்டி வந்து ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன். பெரிய ஷட்டர், ஆறு சுற்று ஏற்ற வேண்டும். இரண்டு பேருமாக மாற்றி மாற்றித் திருப்பினோம். முதல் இரண்டு சுற்று ஒன்றும் தெரியவில்லை. நாலாவதில் தோள் இழுத்தது. ஆறாவதை முடிக்க உடம்பு முழுவதையும் ரெஞ்சின்மேல் சாய்க்க வேண்டியிருந்தது. "ரெண்டே நிமிஷம். நான் சொல்ற வரிக்கும் வுடாத" என்றார் அப்பா. நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

நான் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினேன். நீ பெஞ்சிலிருந்து இறங்கி ரோட்டுக்கு ஓடினாய். ஜங்ஷன் பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. கையை எப்போது எடுத்தேன், பெட்டியிலிருந்து எப்படிக் குதித்தேன், எதுவும் ஞாபகம் இல்லை. பின்னால் இரும்பு விசிறி சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அதைத் தொடர்ந்து பீங்கான் உடைகிற சத்தம். நான் நடு ரோட்டுக்குப் போவதற்குள் டீக்கடை அக்கா உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டுவிட்டார்கள். பஸ் போய்விட்டது. கீழே விழுந்த பொறையைக் காட்டி நீ அழுதுகொண்டிருந்தாய். உன்னை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்த பிறகுதான் அப்பா ஏணியடியில் கிடப்பது தெரிந்தது. வலது மணிக்கட்டு அதன் இடத்தில் இல்லை.

கடைக்காரர் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "நட்டு முடுக்கறதுக்கு முன்னாடி கைய எடுத்துட்டேன். என் தப்புதாங்க" என்றார். அந்த வலியிலும் தெளிவாகச் சொன்னார். நான் அருகில் உன்னை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. ஆட்டோவிலும் பேசவில்லை, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துக் கட்டுப்போட்டுப் படுத்திருந்த பத்து நாளும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். ஒவ்வொருவரிடமும் அவர் அதையே சொன்னார். சொல்லச் சொல்ல அது நடந்த விஷயமாகவே ஆகிவிட்டது.

எலும்பு கூடியது, விரல்கள் மடங்கவில்லை. அது தெய்வம் விட்ட வழி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பெயர் போனது என்னால். அதற்கு முன்னால் விருத்தாசலத்தில் அவரை எல்லோரும் கவனமான ஆள் என்றுதான் சொல்வார்கள். ஏணி வைக்கிற இடத்தைக்கூடக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். அந்த மனிதரை உன் பெரியப்பா நடு வீட்டில் நின்றுகொண்டு, இத்தனை வருஷம் தொழில் பார்த்தவனுக்கு நட்டு முடுக்காமல் கையை எடுக்கக் கூடாது என்று தெரியாதா, பெண்டாட்டி பிள்ளையை நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். பெரியப்பாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

நான் ஷட்டர் வேலைக்கு வந்த கதையை நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். ஓசூரில் உன் நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறாய் என்று ரீனா சொன்னாள். அதில் பாதிதான் உனக்குத் தெரியும். ஐந்தாறு மாதம் கழித்து மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா ஆள் அனுப்பினார்கள். கணவர் துபாயில், இவர்கள் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் பாதியில் நிற்கிறது. அப்பா வர முடியாது என்று சொல்லி அனுப்பப் போனார். நான் வருகிறேன் என்றேன். அப்பா என்னையே பார்த்தார். கீழே நின்று நீங்கள் சொல்லுங்கள், நான் மேலே ஏறிச் செய்கிறேன், ரெஞ்சைப் பிடிக்க உங்களோடு வேலைக்கு வருகிறவரைக் கூட்டிப் போகலாம் என்றேன். அங்கே போனதும் அந்த அம்மா, "நீங்களேவா ஏறுவீங்க?" என்று கேட்டுவிட்டு, தன் கையாலேயே ஏணியை வந்து பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் ஒரு விரலால் ஷட்டரைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தெருவில் எத்தனை கடை ஷட்டருக்கு நான் முறுக்கு ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. உன் படிப்பு அந்தத் தெருவிலிருந்து வந்தது. கல்யாணப் பத்திரிகையை அங்கே நீயும் ரீனாவும் நேரில் போய்க் கொடுங்கள். அந்த அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, மாடியில்தான் இருக்கிறார்கள். படியேறிப் போய்க் கொடுங்கள். டீக்கடை அக்காவுக்கு நானே போய்க் கொடுக்கிறேன், அது என் கடமை.

உனக்குத் தெரியாத பாதி இது. வேலை நன்றாக வர வர, ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அந்தாளைவிட அந்தம்மா கவனமாகச் செய்கிறது என்று. அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே அவர் காதுபடச் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஆமாங்க என்பார். நான் மேலே நின்று நட்டை முடுக்கிக்கொண்டிருப்பேன். தம்பி, ரெஞ்சை விட்டதை நான் பாவமாக நினைக்கவில்லை, எந்தத் தாயும் விட்டிருப்பாள். ஆனால் அவரிடமிருந்து போன பெயரை நான் எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றேனே, அதுதான் என் பாவம். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகும்போது ஒரு முறை இதைச் சொன்னேன். ஃபாதர், இதைக் கேட்க வேண்டியவர் வீட்டில் இருக்கிறாரே அம்மா என்றார். வீட்டுக்கு வந்தேன். அவர் உனக்கு இடது கையால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அன்றும் சொல்லவில்லை.

நீ பதினொன்றாவது படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? பழைய பில்லின் பின்பக்கத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டாய். சுற்றச் சுற்ற ஸ்பிரிங்கின் எதிர்ப்பு இப்படி ஏறும், இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிற முக்கோணம்தான் உள்ளே சேர்ந்திருக்கிற ஆற்றல் என்று சொல்லிக்கொடுத்தாய். நான் இரண்டு மடங்கு சுற்றினால் உள்ளே இரண்டு மடங்கு சேரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கைக்கு அப்படித்தான் தெரியும். "அப்ப மூணு சுத்துக்கும் ஆறு சுத்துக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டேன். "கைக்கு ரெண்டு மடங்குதாம்மா தெரியும். வுட்டா வர்றது நாலு மடங்கு" என்றாய். முக்கோணத்துக்குள் கட்டம் போட்டு எண்ணியும் காட்டினாய். நான் அரிசி களைய வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். அடுப்படியில் நின்று வெகுநேரம் அழுதேன். அன்றைக்குத்தான் அந்த ரெஞ்சு ஏன் அப்படிச் சுற்றியது என்று எனக்குப் புரிந்தது. மூன்று சுற்றில் விட்டிருந்தால் அவருக்கு ஒரு வீக்கத்தோடு போயிருக்கும். ஆனாலும் நீ சொன்னது எனக்கு உதவியது. அதற்குப் பிறகு ரெஞ்சின் பிடியைச் சங்கிலியால் சுவரோடு கட்டாமல் நான் எந்த வேலையும் செய்ததில்லை. என் கையை நம்புவதை அன்றோடு நிறுத்தினேன். உன் படிப்பு என்னையும் என்னோடு வேலை செய்தவர்களையும் காப்பாற்றியிருக்கிறது, அதற்கு உனக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டோம். பிடித்திருப்பவர் விடுவதற்கு முன்னால் வுடறேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர் வுடு என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு அம்மாவாக நான் சொல்ல ஆசைப்படுவது இதுதான். உன்னால் முடியாமல் போகிற நாள் வரும். கோபத்திலோ, களைப்பிலோ, வேறு எதையோ பார்த்தோ கையை எடுத்துவிடத் தோன்றும். எடுப்பதற்கு முன்னால் அவளிடம் சொல். அவள் சொன்னால் நீ காது கொடுத்துக் கேள். நான் வாழ்க்கையை ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டுப் பேச வரவில்லை, எனக்கு அந்த அளவுக்குப் பேசத் தெரியாது. சொல்லாமல் விட்டதால் ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

போன ஞாயிறு ரீனாவின் அப்பாவும் அம்மாவும் வேப்பூரிலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். உனக்கு ஷிப்ட் இருந்ததால் நீ வரவில்லை. பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். சம்மந்தி தயங்கித் தயங்கி, "கை இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டார். அப்பா சிரித்தபடி, "என் கவனக்கொறைவுதாங்க. நட்டு முடுக்காம கைய எடுத்துட்டேன்" என்றார். சம்மந்தி ஓ என்று சொல்லிவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் தப்பான பார்வை இல்லை. ஆனால் புதிதாக வருகிற ஒரு குடும்பத்துக்கும் அந்தப் பொய்யைக் கொடுத்து அனுப்புகிறோம், நாளைக்கு உன் பிள்ளைகளுக்கும் தாத்தா கவனமில்லாதவர் என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. காபி டம்ளர்களைத் தட்டோடு கீழே வைத்தேன். "இல்லீங்க. ரெஞ்ச புடிச்சிக்கினு இருந்தது நானு. வுட்டதும் நான்தான். இவரு இத்தன வருசமா எனக்காக சொல்லிக்கினு இருக்கறாரு" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மந்தியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்கள். எதற்காக விட்டேன் என்று கேட்டார்கள். பிள்ளை ரோட்டுக்கு வந்தான் என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள். சம்மந்தி, இதை நீங்களே ரீனாவிடம் சொல்லுங்கள், நாங்கள் சொன்னால் சரியாக வராது என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் போன பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். கோபம் என்று நினைத்தேன். வெயில் தாழ்ந்ததும் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நீ விட்டது எனக்குத் தெரியும், நான் விட்டது உனக்குத் தெரியாதா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புள்ளைய நானும்தான் பாத்தேன். ஸ்பேனர போட்டுட்டு கைய நீட்டுனேன். ஏணி மேலருந்து கைய நீட்டுனா ரோட்டுல இருக்கறவன புடிச்சிட முடியுமா? நீட்டுனேன். ரெஞ்சு சுத்தற எடத்துல கைய கொண்டும்போய் குடுத்தது நான்தான். என் தப்புன்னு நான் சொன்னது பொய்யில்ல."

அவர் இத்தனை வருஷமும், ஸ்பேனரை அவர் போட்டதை நான் பார்த்திருப்பேன் என்றும், பார்த்தும் வெளியே சொல்லாமல் அவருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் நினைத்திருக்கிறார். அதற்காக என்மேல் அவருக்கு நன்றி இருந்திருக்கிறது. நானோ, அவர் எனக்காகப் பழியைச் சுமக்கிறார் என்று நினைத்து அவருக்கு நன்றியோடு இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேட்காமலேயே இருந்திருக்கிறோம். யார் முதலில் விட்டது என்று இப்போது எங்களுக்குத் தெரியாது. இதனால் நான் பேசாமல் இருந்தது சரி என்று ஆகிவிடாது, அதை அவரிடமும் சொன்னேன். அவர் சரி விடு என்றார். அன்று மாலை பெரியப்பா வீட்டுக்கு இரண்டு பேரும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தோம். பெரியப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. நான் மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவர் அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கடிதத்தைப் படித்து நீ ஒன்றே ஒன்றை நினைக்கக் கூடாது. உன்னால்தான் அப்பாவுக்குக் கை போனது என்று. அந்தப் பயத்தில்தான் நானும் உன்னிடம் இதைச் சொல்லாமல் இருந்தேன். இரண்டரை வயதுக் குழந்தைக்கு ரோடு தெரியாது, பஸ் தெரியாது. உன்னைத் தனியாக விட்டுவிட்டு வந்தது நான். எதிலும் உனக்குப் பங்கு இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதித் தருவேன்.

எழுதி முடித்ததும் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நீ ரோட்டுக்கு ஓடினாய் என்று எழுதியிருக்கிறேனாம். "ரோட்டுக்கு ஓடலன்னு எழுது. எதுர்ல நம்ம ரெண்டு பேரயும் பாத்துட்டான். நம்மகிட்ட வந்தான்" என்றார்.

அம்மா